அடுத்த ‘டிக்’ எப்போது வரும்? கொழும்பு வீட்டில் கதிர்வீச்சை எண்ணும் முறை

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு வீட்டு மேசையில் கதிர்வீச்சை ‘டிக்’ ஒலியாக எண்ணும் கைகர் எண்ணியை வைத்து ஒலியைத் திறந்துவிட்டால் நிமிடத்துக்கு இருபது முப்பது ‘டிக்’ கேட்கும். மேசையில் ஒன்றும் இருக்காது. ஆனாலும் ஒலி நிற்காது. சில ‘டிக்’ வானத்திலிருந்து வரும் மியூவன் என்ற நுண்துணிக்கைகள். சில சுவரிலும் தரையிலும் உள்ள தோரியம், யுரேனியம், பொற்றாசியம் தருபவை. சில உங்கள் உடம்பிலிருந்து வருபவை. இன்னும் சில அந்த எண்ணியின் சொந்த உலோகத்திலிருந்தே வருகின்றன.

உலக சராசரியில் ஒரு மனிதர் இயற்கையிலிருந்து ஆண்டுக்குப் பெறுவது 2.4 மில்லிசீவர்ட் (உடம்பு பெறும் கதிர்வீச்சை அளக்கும் அலகு சீவர்ட்). அதில் பாதிக்கு மேல், 1.26 அளவு, மூச்சோடு உள்ளே போகும் ரேடன் வாயுவாலும் அதன் வழித்தோன்றல்களாலும் வருகிறது. நிலத்திலிருந்து 0.48, விண்ணிலிருந்து 0.39, சாப்பாட்டிலிருந்து 0.29. கையில் பிடிக்கும் எண்ணி இவற்றில் நிலத்தையும் விண்ணையும்தான் நேராகக் காட்டும். நுரையீரலுக்குள் நடப்பதை அது காட்டாது. வைஃபை, போன் கோபுரம், மைக்ரோவேவ் அடுப்பு எதையும் அது காணாது. அவை அயனாக்கும், அதாவது அணுவிலிருந்து இலத்திரனைப் பிரிக்கும், வகையைச் சேர்ந்தவை அல்ல. போன் கோபுரத்தடியில் எண்ணி கூடுதலாகக் கத்தினால், ஒன்றில் உங்கள் சுற்றில் மின்காந்த இரைச்சல் புகுந்திருக்கிறது, அல்லது நீங்கள் போதிய நேரம் எண்ணவில்லை.

போதிய நேரம் எண்ணுவதுதான் இந்தக் கலையில் முக்காற்பங்கு.

கருவி

இரண்டு வழி உண்டு. முழுதாகப் பூட்டிய கருவி வாங்கலாம். ஜீக்யூ நிறுவனத்தின் ஜிஎம்சி வரிசை பலரிடமும் இருப்பது. இல்லையேல் மின்சுற்றுப் பலகையும், கதிரை உணரும் வாயு அடைத்த ரியூப்பும் தனியாக இணையத்தில் வாங்கி, மிச்சச் சாமான்களைப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் பொறுக்கலாம். கற்றுக்கொள்ள விரும்புகிறவருக்கு இரண்டாவது வழிதான் நல்லது.

ரியூப்பில் பரவலாகக் கிடைப்பவை சோவியத் காலத்து எஸ்பிஎம்-20, சீனத்து ஜே305, எம்4011. எஸ்பிஎம்-20 உலோக உடல். 108 மில்லிமீற்றர் நீளம். 400 வோல்ற்று அளவில் வேலை செய்யும். நேர்முனையோடு 5 மெகாஓம் அளவில் ஒரு தடையி தொடராக இருக்கவேண்டும். ஜே305, எம்4011 இரண்டும் கண்ணாடி. கண்ணாடி ரியூப்பில் வெயில் பட்டால் அதுவே பொய் எண்ணிக்கை தரும். யன்னலோரம் வைத்துவிட்டு ‘இங்கே கதிர்வீச்சு கூட’ என்று பயந்தவர்கள் பலர். கறுப்பு இன்சுலேஷன் ரேப்பை ஒரு சுற்றுச் சுற்றினால் போதும். மூன்றுமே கதிர்வீச்சு வகைகளில் பீற்றாவையும் காமாவையும் எண்ணும். இன்னொரு வகையான அல்பாத் துணிக்கை ரியூப்பின் சுவரைத் தாண்டாது. அதற்கு மைக்கா சன்னல் வைத்த வேறு ரியூப் வேண்டும்.

எஸ்பிஎம்-20இன் முனைகளில் நேராகப் பற்றாசு பிடிக்கவேண்டாம். சூடு ஏறினால் உள்ளே அடைத்த வாயுவின் முத்திரை போய்விடும். ஃபியூஸ் பிடிக்கும் கிளிப் இரண்டு எடுத்து அதில் மாட்டுங்கள். அர்டுயினோ என்ற சிறு கணினிப் பலகையோடு இணைக்கும் மலிவான பலகைகள் சிலவற்றில் ‘வின்’ என்று அச்சிட்டிருக்கும் முனைதான் உண்மையில் துடிப்பு வெளியே வரும் முனை. பெயரைப் பார்த்து அதில் மின் கொடுத்து விடாதீர்கள். 5 வோல்ற்றைப் பக்கத்து முனையில் கொடுத்து, அந்த ‘வின்’னை அர்டுயினோவின் இரண்டாம் முனைக்கு இழுத்து, துடிப்பு இறங்கும் ஓரத்தில் எண்ணச் செய்யுங்கள்.

அடுத்தது பலரும் விடும் பிழை. உயர் வோல்ற்று சரியா என்று பார்க்கச் சாதாரண மல்ரிமீற்றரை வைப்பார்கள். அது 220, 250 என்று காட்டும். உடனே சிறு திருகைத் திருப்பி 400 வரும்வரை ஏற்றுவார்கள். மீற்றரின் 10 மெகாஓம் தடையே அந்த மெலிந்த மின்வழங்கியை இழுத்து வீழ்த்தியது என்பது தெரியாது. மீற்றரை எடுத்ததும் வோல்ற்று எகிறி, ரியூப் இடைவிடாமல் கத்தி, சில நாளில் தேய்ந்துபோகும். சரியான முறை: 100 மெகாஓம் தடையி பத்தைத் தொடராகக் கட்டி 1 கிகாஓம் ஆக்கி, அதன் வழியாக மீற்றரை வையுங்கள். மீற்றர் உண்மை அளவில் நூற்றொன்றில் ஒரு பங்கைக் காட்டும். 400 வோல்ற்று இருந்தால் 3.96 வாசிக்கும். தொடுமுன் மின்னை எடுத்து ஒரு நிமிடம் பொறுங்கள். உயிராபத்து இல்லை என்றாலும் கொள்ளளவி கையை உதறவைக்கும்.

கொழும்பின் கடற்காற்றுக்கு இந்தச் சுற்று எதிரி. உப்பும் ஈரமும் உயர் வோல்ற்றுக் கம்பியின் அடியில் படிந்தால் மின் கசியும்; எண்ணிக்கை கொத்துக் கொத்தாக எகிறும். ஐசோபுரோப்பைல் அற்ககோலால் பலகையைத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, உயர் வோல்ற்றுப் பகுதியில் நிறமற்ற நகப்பூச்சு பூசுங்கள். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டைப் போட்டு மூடிவையுங்கள்; மழைமாதங்களில் மாதம் ஒருமுறை அவற்றை வறுத்து ஈரம் போக்குங்கள்.

முதல் இரவு

வீட்டின் நடுவில், தரையிலிருந்து ஒரு மீற்றர் உயரத்தில், சுவரிலிருந்து தள்ளி எண்ணியை வையுங்கள். இரவு முழுக்க ஓடவிடுங்கள். நிமிடத்துக்கு ஓர் எண் என்று பதிவாகட்டும்.

காலையில் பார்த்தால் 25, 19, 31, 22, 28, 17 என்று குதித்துக்கொண்டிருக்கும். கருவி பழுதில்லை. கதிர்த்தொழிற்பாடு அப்படித்தான் வரும். ஓர் எண்ணிக்கையில் என்ன தளம்பல் எதிர்பார்க்கலாம் என்பதற்குச் சட்டம் ஒன்றுதான்: எண்ணியதன் வர்க்கமூலம். 25 எண்ணினால் தளம்பல் 5, அதாவது நூற்றுக்கு இருபது. பத்து நிமிடத்தில் 250 எண்ணினால் 16, நூற்றுக்கு ஆறு. ஒரு மணித்தியாலத்தில் 1500 என்றால் 39, நூற்றுக்கு இரண்டரை. நூற்றுக்கு ஒன்று வேண்டுமானால் 10,000 எண்ணவேண்டும். நிமிடத்துக்கு 25 என்ற வீதத்தில் அது 6 மணித்தியாலம் 40 நிமிடம். துல்லியத்தை இரட்டிப்பாக்க நேரத்தை நாலு மடங்காக்கவேண்டும். அதற்குக் குறுக்குவழி கிடையாது. பெரிய ரியூப் வாங்கினால் எண்ணிக்கை வேகமாகச் சேரும், அவ்வளவுதான்.

சராசரி 25 ஆக இருக்கும் வீட்டில் ஒரு நாளின் 1440 நிமிடங்களில் ஏறத்தாழ ஐந்து நிமிடம் 40ஐத் தொடும் அல்லது தாண்டும். யாரும் ஒன்றும் செய்யாமலே அது நடக்கும். அந்த நிமிடத்தைப் போனில் படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்பினால் ஒரு தெருவே பயப்படும். ஒற்றை நிமிட வாசிப்பை யாரும் அனுப்பினால் ‘எத்தனை நிமிடம் எண்ணினீர்கள், சராசரி என்ன’ என்று கேளுங்கள்.

இரண்டு இடத்தை ஒப்பிடுவது இன்னும் நுணுக்கமானது. வரவேற்பறையில் பத்து நிமிடத்தில் 250, கிரனைற்று பதித்த குசினிப் பலகையில் பத்து நிமிடத்தில் 283 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 33. அதன் தளம்பல் இரண்டையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால், 533க்கு 23. வித்தியாசம் தளம்பலில் ஒன்றரை மடங்குகூட இல்லை, ஒன்றும் சொல்லமுடியாது. அதே வீதத்தில் ஒரு மணித்தியாலம் எண்ணினால் 1500, 1698. வித்தியாசம் 198, தளம்பல் 57. மூன்றரை மடங்கு. இப்போது ‘ஆம், கிரனைற்றில் கூட’ என்று எழுதலாம். மூன்று மடங்குக்குக் கீழே எதையும் கண்டுபிடிப்பு என்று எழுதாதீர்கள்.

கருவி நேர்மையானதா என்பதற்கும் இதே கணக்கு உதவும். பத்து நொடிக்கு ஒன்றாக ஒரு மணித்தியாலத்துக்கு 360 எண்களை எடுங்கள். சராசரி 4.2க்கு அருகில் இருக்கும். அந்த 360இன் மாறற்றிறனை (சராசரியிலிருந்து விலகும் அளவுகளின் வர்க்கங்களது சராசரியை) கணித்துச் சராசரியால் வகுத்தால் விடை ஒன்றை ஒட்டி வரவேண்டும், 0.85க்கும் 1.15க்கும் நடுவில் இருந்தால் நல்லது. ஒன்றரை, இரண்டு என்று ஏறினால் ஈரக்கசிவு, அல்லது ஒரு துடிப்பை இரண்டாக எண்ணும் சுற்று. அரை என்று இறங்கினால் சீரான ஏதோ மின்னிரைச்சல் எண்ணிக்கையோடு கலந்திருக்கிறது. இயற்கையின் ஒழுங்கின்மைக்கு ஒரு திட்டமான அளவு இருக்கிறது. அதைவிடக் கூட ஒழுங்காக இருந்தாலும் பிழை, குறைய இருந்தாலும் பிழை.

1910இல் இயற்பியலாளர்கள் ரதர்போர்டும் கைகரும் இதைத்தான் செய்தார்கள். பொலோனியத்திலிருந்து வரும் அல்பாத் துணிக்கைகளை ஏழரை நொடித் துண்டுகளாக 2608 தடவை எண்ணினார்கள். சராசரி 3.87. ஒன்றுமே வராத துண்டுகள் 57. பிரெஞ்சுக் கணிதவியலாளர் புவாசோன் 1837இல், அணுக்கருவை எவரும் கனவுகூடக் காணாத காலத்தில் எழுதிய சூத்திரம் எதிர்பார்ப்பது 54. உங்கள் 360 துண்டுகளை 0, 1, 2, 3 என்று அடுக்கி ஒரு தாளில் சட்ட வரைபு வரைந்தால் அதே வடிவம் உங்கள் வீட்டுச் சுவர்களிலிருந்து எழும். ஏ.எல். கணிதம் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் இந்த வேலையை அவர் கையில் கொடுங்கள். புத்தகத்தில் உயிரில்லாமல் கிடந்த பரம்பல் கண்முன்னே கட்டப்படும்.

ஒலியைத் திறந்து ஒரு பத்து நிமிடம் கேட்டுப் பார்ப்பதும் வேலையில் ஒரு பகுதிதான். இரண்டு ‘டிக்’குக்கு நடுவில் சராசரி 2.4 நொடி. ஆனால் சீரான இடைவெளியை எதிர்பார்க்கும் காது ஏமாறும். மூன்று நாலு சேர்ந்து விழும்; பிறகு நீண்ட மௌனம். பத்து நொடிக்கு மேற்பட்ட மௌனம் ஒரு மணித்தியாலத்தில் இருபத்திரண்டு, இருபத்து மூன்று தடவை வரும். மௌனம் நீண்டுவிட்டது, இனிக் கட்டாயம் விழும் என்று மனம் சொல்லும். அப்படி ஒன்றும் இல்லை. எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் அடுத்த ‘டிக்’ வருவதற்கு இன்னும் சராசரி 2.4 நொடி இருக்கிறது. அணுவுக்கு வயது கிடையாது. பூமி பிறக்குமுன் உருவான பொற்றாசியம்-40 அணு ஒன்று இன்று சிதைவதற்கான வாய்ப்பு, அது உருவான முதல் நாளில் இருந்த அதே வாய்ப்புத்தான்.

‘அவனன்றி ஓரணுவும் அசையாது’ என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாங்கள். எந்த அணு, எந்த நொடி என்பதற்கு இயற்பியல் இன்றுவரை ஒரு காரணமும் காட்டவில்லை. கோடி அணுவில் எத்தனை என்பதைமட்டும் பிசகாமல் சொல்கிறது. அந்த ஒற்றை அணுவின் இடத்தில் நம்பிக்கை உள்ளவர் இறைவன் சித்தத்தை வைக்கலாம், இல்லாதவர் தற்செயலை வைக்கலாம். எண்ணி இருவருக்கும் ஒரே எண்ணைத்தான் கொடுக்கும். அந்த மௌனத்தில் இருவரும் ஒரே மரியாதையோடு காத்திருக்கவேண்டும் என்பதை மட்டும் துணிந்து சொல்லலாம்.

பொட்டாஷ், சாம்பல், உடம்பு

பின்னணியைத் தாண்டி ஏதாவது ஒன்றைக் கண்ணால் காண விரும்பினால் உரக்கடைக்குப் போங்கள். தென்னைக்கும் தேயிலைக்கும் போடும் எம்ஓபி பொட்டாஷ் (பொற்றாசியம் குளோரைட்டு உரம்) ஒரு கிலோ வாங்குங்கள். அதில் பாதிக்குச் சற்றுக் குறைவு பொற்றாசியம். இயற்கைப் பொற்றாசியத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் பொற்றாசியம்-40. அதன் அரைவாழ்வுக்காலம், அதாவது பாதி சிதைய எடுக்கும் காலம், 125 கோடி ஆண்டு. ஒரு கிராம் பொற்றாசியத்தில் நொடிக்கு 31 அணு சிதைகிறது. ஆக ஒரு கிலோ பொட்டாஷில் நொடிக்குப் பதினையாயிரம். இது ஆபத்தில்லாத, சட்டத்துக்குட்பட்ட, எவரும் கையாளக்கூடிய மூலம். கை கழுவினால் போதும்.

மெல்லிய பொலித்தீன் பைக்குள் போட்டு அரைச் சென்றிமீற்றர் தடிப்பில் பரப்பி, அதன்மேல் ரியூப்பை ஒட்டினாற்போல் கிடத்தி இருபது நிமிடம் எண்ணுங்கள். பிறகு அதே இடத்தில், அதே அளவு கறியுப்பை அதே மாதிரிப் பையில் வைத்து இருபது நிமிடம். வித்தியாசம் ஐயத்துக்கு இடமில்லாமல் தெரியும். குவித்து வைப்பதால் பெரிய பயனில்லை. வருவதில் பெரும்பகுதி பீற்றா. அடியில் உள்ளதை மேலே உள்ள பொட்டாஷே விழுங்கிவிடும். தடித்த பிளாஸ்ரிக் டப்பாவில் வைத்துவிட்டு ஒன்றும் காட்டவில்லை என்று கைவிடுவதும் இதே காரணத்தால்தான். ஈரம் பிடித்த பொட்டாஷ் ரியூப்பைத் தொட்டால் கிளிப்பில் கசிவு வரும். பையை நன்றாகக் கட்டுங்கள்.

வாழைப்பழத்தால் எண்ணி அலறும் என்று சொல்வதை நம்பவேண்டாம். ஒரு பழத்தில் பொற்றாசியம் அரைக்கிராமுக்கும் குறைவு. நொடிக்குப் பன்னிரண்டு பதினைந்து சிதைவு, அதிலும் பெரும்பகுதி பழத்துக்குள்ளேயே அடங்கும். இந்த ரியூப்பால் அதைப் பிரித்தறிய முடியாது. தென்னம்பொச்சை எரித்த சாம்பலில் வேலை நடக்கும். எரியும்போது மற்றதெல்லாம் புகையாகப் போக, பொற்றாசியம் சாம்பலில் தங்கி நிற்கிறது. அந்தக் காலத்தில் அதையே உரமாகத் தோட்டத்தில் போட்டதும் அதனால்தான். சலித்துக் காயவைத்து பொட்டாஷ் போலவே எண்ணுங்கள். ஒரு மணித்தியாலமாவது வேண்டும்.

சராசரி எழுபது கிலோ உடம்பில் பொற்றாசியம் 140 கிராம் அளவு. நொடிக்கு நாலாயிரத்துக்கு மேற்பட்ட அணுக்கள் உங்களுக்குள் சிதைந்துகொண்டிருக்கின்றன. வாழைப்பழமோ செவ்விளநீரோ கூடக் குறையச் சாப்பிடுவதால் இது மாறாது. தேவைக்கு மேற்பட்டதைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடும். நெற்றியில் பூசும் நீற்றிலும் அதே பொற்றாசியத்தின் துகள் உண்டு, பூசும் விரலிலும் உண்டு. பூமி தோன்றியபோது இருந்ததில் நூற்றுக்கு எட்டுப் பங்கு பொற்றாசியம்-40தான் இன்று மிச்சம்.

மழைக்குப் பிறகு

கொழும்பில் இருப்பவருக்கு வாய்த்த சோதனை இது. சித்திரையிலும், ஐப்பசி கார்த்திகையிலும் பின்னேர இடிமழை பெய்யும். நிலத்திலிருந்து எழுந்த ரேடன் காற்றில் சிதைந்து விட்ட ஈயம்-214, பிஸ்மத்-214 அணுக்களை மழைத்துளி கழுவிக்கொண்டு இறங்கும். ஈயத்தின் அரைவாழ்வு 27 நிமிடம், பிஸ்மத்தின் அரைவாழ்வு 20 நிமிடம்.

மழை தொடங்கிப் பத்து நிமிடத்துக்குள் காரின் கண்ணாடியையும் பொனற்றையும் ஒரே ஒரு ரிசுத் தாளால் துடையுங்கள். ஒரு சதுர மீற்றராவது துடைக்கவேண்டும். பிழிந்து, ரியூப்பின் நீளத்துக்கு மடித்து, மெல்லிய பொலித்தீனில் சுற்றி, ரியூப்பின் அருகில் வையுங்கள். துடைத்த நேரத்தைக் குறியுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஓர் எண்ணாக இரண்டு மணித்தியாலம் எண்ணுங்கள். ஒவ்வொன்றிலும் பின்னணியைக் கழியுங்கள். பின்னணி ஐந்து நிமிடத்துக்கு 125 என்றால், தாளோடு 260 வந்தால் மிகை 135. அந்த மிகை அரை மணித்தியாலத்தை ஒட்டிப் பாதியாகும். இரண்டு மணித்தியாலத்தில் பின்னணியோடு கலந்துவிடும். மடக்கை (லொக்) அளவுத் தாளில் குறித்தால் நேர்கோடாக இறங்கும். தொடக்கத்தில் கொஞ்சம் வளைந்தால் திகைக்கவேண்டாம். ஈயம் பிஸ்மத்தாகி, பிஸ்மத் சிதைகிற இரட்டை நடை அது.

தவறுவது பெரும்பாலும் தாமதத்தால். மேலே லிப்ற் ஏறி, தேநீர் குடித்து, முக்கால் மணித்தியாலம் கழித்து எண்ணத் தொடங்கினால் பெரும்பகுதி போயிருக்கும். மூன்று நாள் விடாமல் பெய்த மழையில் துடைத்தாலும் சரிவராது. காற்றில் இருந்தது முன்னமே கழுவப்பட்டுவிட்டது. வெளிநாட்டு வீடியோக்களில் பலூனைத் தலையில் தேய்த்துத் தொங்கவிட்டு ரேடன் பிடிப்பார்கள். நமது ஈரக்காற்றில் பலூனில் மின்னேற்றம் நிற்காது. அதற்குப் பதிலாக மேசை ஃபேனின் பின்புறத்தில் மெல்லிய துணியைக் கட்டி, மூடிய அறையில் ஒரு மணித்தியாலம் ஓடவிட்டு, துணியை மடித்து எண்ணுங்கள்.

நீரின் மேல், மலையின் மேல்

பேரை வாவியில் வாடகைக்கு விடும் அன்னப் படகில் அரை மணித்தியாலம் எண்ணிப் பாருங்கள். கரையில் இருந்ததைவிட எண்ணிக்கை குறையும். நிலத்தின் காமாக்கதிரை ஒரு மீற்றர் நீரே ஏறத்தாழ முழுதாக விழுங்கிவிடும். மிஞ்சுவது விண்ணும் ரியூப்பின் சொந்த எண்ணிக்கையும். அந்த எண்ணைக் குறித்துவையுங்கள். வீட்டு வாசிப்பிலிருந்து அதைக் கழித்தால் உங்கள் சுவரும் நிலமும் தரும் பங்கு கிடைக்கும். இந்த ஒரு வாசிப்பு இல்லாமல் வீட்டு எண்களுக்குப் பொருள் காண்பது கடினம்.

நுவரெலியாவுக்குப் போகும்போது எடுத்துச் செல்லுங்கள். 1868 மீற்றர் உயரத்தில் விண் பங்கு கணிசமாகக் கூடும். ஆனால் மலையின் பாறையும் வேறு. அதனால் அங்கேயும் கிரகரி வாவியின் நீர்மேல் ஒருமுறை எண்ணினால்தான் ஒப்பீடு சரி. இயற்பியலாளர் விக்டர் ஹெஸ் 1912இல் பலூனில் ஏறிக் கண்டது இதைத்தான்: ஏற ஏறக் கூடுகிறது, ஆகவே அது மேலிருந்து வருகிறது. விமானத்திலும் எண்ணலாம். நாங்கள் இருக்கும் பகுதியில் பூமியின் காந்தப்புலம் உலகிலேயே மிகப் பலமாக விண்கதிரைத் திருப்பி விடுகிறது. கொழும்பிலிருந்து லண்டனுக்குப் பறந்தால் உயரம் மாறாமலே வடக்கே போகப்போக எண்ணிக்கை ஏறுவதைக் காணலாம். கைப்பை எக்ஸ்றே இயந்திரத்துக்குள் போகும் நொடியைச் சராசரியில் சேர்க்காதீர்கள்.

தோரியம், நம் மண்ணின் சங்கதி

கொழும்பிலிருந்து காலி வீதியில் தெற்கே போனால் பேருவளைக் கரையில் தோரியம் கொண்ட மொனசைற்று என்ற கனிமம் கலந்த மணல் உண்டு. அலை லேசான வெள்ளை மணலை இழுத்துச் சென்று கனமான துகள்களை விட்டுப்போகும். கருமையாகக் கோடுபட்ட இடத்தில் ரியூப்பைப் பொலித்தீனில் சுற்றி மணலின் மேல் பத்து நிமிடம், பிறகு ஒரு மீற்றர் உயரத்தில் பத்து நிமிடம் எண்ணுங்கள். வெள்ளவத்தைக் கடற்கரையில் அதையே செய்து ஒப்பிடுங்கள். மணலை வீட்டுக்கு அள்ளி வரவேண்டாம். கதிர்த்தொழிற்பாட்டுக் கனிமம் சட்டத்துக்கு உட்பட்டது. அதோடு அந்தத் தூசி மூச்சுக்குள் போகக்கூடாதது.

1904இல் சப்ரகமுவவின் ஆற்று மணலில் ஒரு கறுத்த, கனத்த, கனசதுரக் கல் கிடைத்தது. இலங்கைக் கனிம அளவையின் முதற் பணிப்பாளர் அதை ஆராய்ந்தார். தோரியனைற்று என்று பெயர் பெற்ற அந்தக் கல்லிலிருந்து ஜெர்மன் இரசாயனவியலாளர் ஒட்டோ ஹான் 1905இல் லண்டனில் ரேடியோதோரியத்தை (இன்றைய பெயரில் தோரியம்-228) பிரித்தார். அந்தப் பணிப்பாளர் கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி. கல்லைத் தட்டிப் பார்த்த அதே மனிதர் பிற்காலத்தில் நடராசர் ஆடலின் பொருளை உலகுக்கு எழுதினார். ஜெனீவாவின் சேர்ன் துணிக்கை இயற்பியல் ஆய்வுகூட வளாகத்தில் 2004 முதல் நடராசர் சிலை ஒன்று நிற்கிறது. கனிமவியலும் ஆடலும் ஒரே மனதில் குடியிருக்க முடியும் என்பதற்கு அவருக்கு எவரும் சான்று கொடுக்கவேண்டியிருக்கவில்லை.

நகைக்கடையில் ‘மாத்தறை வைரம்’ என்று சொல்லும் சேர்க்கோன் கல்லையும் இங்கே நினைக்கலாம். இலங்கைச் சேர்க்கோன்களில் சிறிதளவு யுரேனியமும் தோரியமும் இருக்கின்றன. ஐம்பது கோடி ஆண்டுக்கு மேலாக உள்ளிருந்து சுட்டு, சில கற்களின் பளிங்கு ஒழுங்கையே அவை குலைத்துவிட்டன. இலைப்பச்சை நிறத்தில் மங்கலாக இருக்கும் சேர்க்கோன் அப்படிப்பட்டது. மோதிரத்தில் அணிய ஒரு தடையும் இல்லை.

ஆனால் கழுத்தில் தொங்கவிடும் ‘ஸ்கேலார் சக்தி’, ‘நெகட்டிவ் அயன்’ பதக்கங்கள் வேறு. நோய் தீரும், போன் கதிரிலிருந்து காக்கும் என்று நம்பவைத்து இணையத்தில் விற்கிறார்கள். இவற்றில் பலவற்றில் தோரியம் கொண்ட கனிமத் தூள் கலந்திருக்கிறது. நெதர்லாந்தின் அணுப் பாதுகாப்பு அதிகாரசபை 2021 டிசம்பரில் இப்படியான பத்துப் பொருட்களைச் சோதித்து, அணிவதை நிறுத்தும்படி எச்சரித்தது. நோயாளியின் நம்பிக்கையைக் காசாக்கி, நாள் முழுக்க நெஞ்சில் பீற்றாக் கதிரைக் கட்டிவிடுவது பெரிய அநியாயம். வீட்டில் ஒன்று இருந்தால் ரியூப்பை ஒட்டி ஐந்து நிமிடம் எண்ணுங்கள். பின்னணியோடு மேலே சொன்ன மூன்று மடங்குக் கணக்கைப் போடுங்கள். பிறகு நடுவில் மூன்று மில்லிமீற்றர் அலுமினியத் தகடு வைத்து மீண்டும் எண்ணுங்கள். எண்ணிக்கை சட்டென்று விழுந்தால் வந்தது பீற்றா. கழற்றி, பையில் இட்டு, பிள்ளைகள் தொடாத இடத்தில் வையுங்கள். உடைக்கவோ அரைக்கவோ வேண்டாம். பழைய பெற்றோமக்ஸ் விளக்கின் மென்டிலிலும் தோரியம் இருக்கக்கூடும். பைக்கற்றைத் திறக்காமலே எண்ணலாம், எரிந்த மென்டிலின் பொடியை ஊதாதீர்கள்.

எண்ணிலிருந்து சீவர்ட்டுக்கு

எஸ்பிஎம்-20க்கு நிமிடத்துக்குச் சுமார் 175 எண்ணிக்கை என்பது மணித்தியாலத்துக்கு ஒரு மைக்ரோசீவர்ட். ஜே305, எம்4011 வகைக்குச் சுமார் 150 என்று எடுப்பார்கள். வேறு ரியூப் மாற்றிவிட்டுப் பழைய எண்ணாலேயே வகுத்தால் எல்லா வாசிப்பும் பிழை. இந்த வகுத்தல் காமாவுக்கு மட்டும். பொட்டாஷ்மேலும் பதக்கத்தின்மேலும் ஒட்டிவைத்து எடுத்த எண்ணிக்கையைச் சீவர்ட்டாக எழுதாதீர்கள். அங்கே எண்ணிக்கையையே எழுதுங்கள்.

மணித்தியாலத்துக்கு 0.10 மைக்ரோசீவர்ட் என்றால் 8760 மணித்தியாலத்துக்கு 0.88 மில்லிசீவர்ட். ஒரு நெஞ்சு எக்ஸ்றே 0.02 முதல் 0.1 மில்லிசீவர்ட் வரை. வயிற்று சீற்றி ஸ்கான் ஏறத்தாழ 8 முதல் 10. இயற்கையும் மருத்துவமும் தவிர்த்துப் பொதுமக்களுக்குச் சர்வதேச அளவில் பரிந்துரைக்கும் வரம்பு ஆண்டுக்கு 1.

ஏதாவது ஒரு பொருளின் அருகில் மணித்தியாலத்துக்கு 1 மைக்ரோசீவர்ட்டுக்கு மேல் விடாமல் காட்டினால், முதலில் கருவியை வேறு இடத்துக்குக் கொண்டுபோய்ப் பின்னணிக்குத் திரும்புகிறதா என்று பாருங்கள். திரும்பினால் பொருள்தான் காரணம். தைரொயிட்டுக்கு அயடீன்-131 சிகிச்சை பெற்றவர் பக்கத்தில் இருந்தாலும் சில வாரம் இப்படிக் காட்டும். அவரை ஒதுக்கவேண்டாம், மருத்துவர் சொன்ன இடைவெளியைப் பின்பற்றினால் போதும். பழைய இரும்புக் கடையில் ஈயத்தால் மூடிய கனத்த உருளையோ, மூன்று இதழ்ச் சின்னம் போட்ட துண்டோ கண்டால் தொடவேண்டாம். 1987இல் பிரேசிலின் கொயானியாவில் கைவிடப்பட்ட சிகிச்சை இயந்திரம் ஒன்றை உடைத்தபோது வெளிவந்த சீசியம்-137 நாலு உயிரைக் குடித்தது. முப்பது மீற்றராவது தள்ளி நின்று, மற்றவர்களையும் தள்ளி நிறுத்தி, தூரத்திலிருந்து படம் எடுத்து, பொலிசுக்கும் ஒருகொடவத்தையில் இருக்கும் இலங்கை அணுசக்திச் சபைக்கும் அறிவியுங்கள்.

ஒவ்வொரு வாசிப்போடும் திகதி, நேரம், இடம், உயரம், எண்ணிய நிமிடங்கள், மொத்த எண்ணிக்கை, மழை பெய்ததா, ரியூப்பின் பெயர், பற்றரி வோல்ற்று ஆகியவற்றை எழுதுங்கள். சராசரியை மட்டும் எழுதிவைத்தால் பிறகு தளம்பலைக் கணிக்க வழியிருக்காது. மாதம் ஒருமுறை அதே பொட்டாஷ் பையை அதே இடத்தில் வைத்து இருபது நிமிடம் எண்ணிப் பாருங்கள். மொத்தம் பழைய எண்ணிலிருந்து, இரண்டையும் கூட்டி எடுத்த வர்க்கமூலத்தின் மூன்று மடங்குக்கு மேல் விலகினால் கிளிப்பைத் துடைத்து, சிலிக்கா ஜெல்லை மாற்றி, வோல்ற்றை 1 கிகாஓம் வழியாக அளந்து பாருங்கள்.